ஜூடியக்காவும் பன்னெண்டாவது நாற்காலியும்

எங்க மாதா கோயில் பங்குல பாதி பேரோட மூஞ்சி ஜூடியக்காவுக்குத் தெரியாது. காலக் காட்டு, ஒடனே பேரு சொல்லிடும். "இது ஐஸ்ல நின்னு நின்னு வெளுத்த காலு. இது மணலி கம்பெனில ஆசிட் பட்ட காலு. இது இன்னா... ஓ, நீயா கஸ்பாரு? நகம் வெட்டி எத்தினி மாசம்டா ஆவுது?" அப்டி.

கஸ்பாரு நான்தான். கல்மண்டபத்துலர்ந்து திருவொத்தியூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்றேன். எட்டாவது ரெண்டு வாட்டி படிச்சவன். ஒரு ஸ்டாப்புல ஏர்ற ஜனம் பேசறத காதுல வாங்கினு அடுத்த ஸ்டாப்புல எறக்கி வுட்றது என் பயக்கம். அதனால எங்க பங்குல யாரு வூட்ல இன்னா கொயம்புன்னு ஃபாதருக்கு முன்னாடி எனக்குத் தெரியும். இந்த வயசுல சக்கர வந்தும் என் ரெண்டு காலும் பிரேக்கு மெறிக்கிதுன்னா, அதுக்கு ஜூடியக்காதான் காரணம். அதனால அக்காவப் பத்தி சொல்றப்போ நான் பீலா வுட மாட்டேன். கொஞ்சம்தான் வுடுவேன்.

அக்கா காலனில பொறந்துச்சி. அப்பா ஹார்பர்ல மூட்ட தூக்கனவரு. இருவது வயசுல பெரிய ஆசுபத்திரில ஆயா வேலைக்குப் போச்சி. அப்பால கட்டுப் போட்ற ரூம்ல போட்டாங்க. இருவத்தொம்போது வருஷம், டெய்லி காலு. சக்கர வந்து புண்ணான காலு, ஆணி குத்துன காலு, லாரி ஏறுன காலு. மூக்கப் பொத்தினு ஓட்ற வாசன. அக்கா அதுங்கிட்ட கொயந்தையாண்ட பேசற மாரி பேசும். "இன்னா, தூக்கமே இல்லியா உனக்கு? வா, இப்டி காட்டு." ரிட்டயர் ஆன அப்பால வூட்டு வாசல்ல ஞாயித்துக்கெயம ரெண்டாம் பூசை முடிஞ்சதும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலு, ஒரு பக்கெட்டு. சின்னப் புண்ணுன்னா தொடச்சி கட்டுப் போடும். பெரிய புண்ணுன்னா திட்டி ஆசுபத்திரிக்குத் தொரத்தும். பக்கத்து வூட்டு ஷம்ஷாத் சுடுதண்ணி வெச்சி குடுத்துகினே இருக்கும். கெறிஸ்டீனு, முஸ்லீமு, இந்துன்னு அந்த ஸ்டூலுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, அங்க வர்ற கெறிஸ்டீனு எல்லாம் காலனி ஆளுங்க மட்டும்தான். குப்பத்துலர்ந்து ஒரு காலு வராது.

அது ஏன்னு சொல்லணும்னா எங்க கோயிலச் சொல்லணும். கோயிலுக்குக் கெயக்கால குப்பம், படகு வெச்சிருக்கற ஜனம். மேக்கால காலனி, ஹார்பரு, மணலி, எண்ணூரு கம்பெனின்னு வேலைக்குப் போற ஜனம். நடுவுல மாதா. எந்தப் பக்கம் பாத்தாலும் சண்ட வரும்னு மாதா நேரா ரோட்டப் பாத்துகினு நிக்கிது. ஒரே கோயிலு, ஒரே பூசை, ஒரே அப்பம். பெஞ்சு மட்டும் வேற. குப்பம் வலது பக்கம், காலனி எடது பக்கம். யாரும் போர்டு மாட்டல. மாட்டித்தான் தெரியணுமா?

இதுல நம்ம அக்கா இன்னா பண்ணுச்சி? குப்பத்துல ரெமின்னு ஒரு ஆள லவ்வு பண்ணிச்சி. ஞானஸ்நானப் பேரு ரெமிஜியுஸு. தங்கமான ஆளு. அவருக்கு அண்ணன் இன்னாசி. ரெண்டு படகு, பெரிய மீச, குப்பத்துல அவரு சொல்றதுதான். கல்யாணத்தன்னிக்கு இன்னாசி கோயிலுக்கு வந்தாரு, பூசை பாத்தாரு, வெளிய வந்து அல்லாரும் கேக்கறாப்புல சொன்னாரு. "தம்பி பொண்டாட்டின்னு சாமியாரு எயுதிட்டாரு, சரி. அவ வூட்டு வாசப்படி நான் மெறிக்க மாட்டேன்." மெறிக்கல. இருவத்தாறு வருஷம். நடுவுல ரெமி மஞ்சக்காமால வந்து செத்துப் போனாரு. அடக்கத்துக்கு இன்னாசி வந்தாரு, தம்பிக்கு மண்ணு போட்டாரு, அக்கா மூஞ்சியப் பாக்காம திரும்பிப் போனாரு.

இப்போ நாற்காலி கதைக்கு வர்றேன்.

பெரிய வியாயக்கெயம சாயங்காலம் பூசையில பன்னெண்டு பேர பீடத்துக்கு முன்னாடி நாற்காலி போட்டு குந்த வெச்சி, சாமியாரு அவுங்க காலக் கழுவுவாரு. ஏசு தன் சீஷருங்க காலக் கழுவுன மாரி. எல்லா கோயில்லயும் நடக்கறதுதான். எங்க பங்குல மட்டும் இதுல ஒரு வில்லங்கம். மொத நாற்காலி பேதுரு நாற்காலி. பேதுரு மீன் புடிச்சவரு, அதனால அது குப்பத்துக்கு, அதுலயும் இன்னாசி வூட்டுக்கு. தாத்தா குந்துனாரு, அப்பா குந்துனாரு, இப்போ இவரு. கடைசி நாற்காலி, பன்னெண்டாவது, அது ஏசுவக் காட்டிக் குடுத்த யூதாசு நாற்காலி. அதுல குந்தறது காலனி ஆளு. எங்கயும் எயுதி வெக்கல. ஆனா சாமியாரு அங்க வந்து குனியறப்போ வலது பக்கத்து பெஞ்சுல ஒரு சிரிப்பு வரும் பாரு, எயுதி வெச்ச மாரியே இருக்கும்.

அதுல குந்துனவனுக்கு அந்த வருஷம் பூரா யூதாசுன்னு பேரு. ரேஷன் கடையில யூதாசு, சலூன்ல யூதாசு. ஜூடியக்காவோட அப்பாதான் அதுல ஒம்போது வருஷம் குந்துனாரு. அவருக்கு அப்பால அடியேன், ஆறு வருஷம். ஆட்டோல ஏறும்போதே கேப்பானுங்க. "இன்னா யூதாசு, முப்பது வெள்ளிக்காசுக்கு சில்ற கீதா?" நானும், "இல்ல மாமு, தூக்கு மாட்டிக்கற கயித்துக்கே காசு பத்தல"ன்னு திருப்பி வுடுவேன். வண்டியே சிரிக்கும்.

ஒரு வாட்டி என் காலுக்கு மருந்து வெச்சிகினே அக்கா சொல்லுச்சி. "நீ இளிச்சிகினு குந்தறதாலதான்டா அந்த நாற்காலிக்கு வருஷா வருஷம் ஆளு கெடைக்கிது." மருந்து காயறதுக்கு முன்னாடியே நான் செருப்ப மாட்டிகினு கெளம்பிட்டேன்.

இந்த வருஷம் குருத்தோல ஞாயிறு, பெரிய வியாயக்கெயமைக்கு நாலு நாளு முன்னாடி, பூசை முடிஞ்சி பங்குப் பேரவை கூட்டம். புதுசா வந்த ஃபாதர் பெலவேந்திரன், செங்கல்பட்டுப் பக்கம், சின்ன வயசு, நல்ல மனுஷன். பன்னெண்டு பேரு லிஸ்ட எடுத்தாரு. காலனி பக்கத்துலர்ந்து செங்கொடி எந்திரிச்சிது. அப்பா யூனியன் ஆளு, அதனால அந்தப் பேரு. ஞானஸ்நானப் பேரு ஆக்னஸ், அது சாமியாரு நோட்டுல மட்டும் கீது. எண்ணூருல கன்டெய்னர் ஆபீசுல கம்ப்யூட்டரு வேல. முப்பது வயசு. எங்க பக்கத்து பசங்க அது பேச்சத்தான் கேப்பானுங்க.

"ஃபாதர், இந்த வருஷம் பன்னெண்டாவது நாற்காலிக்கு காலனிலர்ந்து ஆளு வராது. குந்தனும்னா மொத நாற்காலில குந்துவோம். நானே குந்தறேன்."

பொம்பளைங்களும் குந்தலாம்னு மேலர்ந்து உத்தரவு வந்து எத்தினியோ வருஷமாச்சி. எங்க பங்குல அத்த பத்திரமா மடிச்சி பூசை சாமான் வெக்கற சக்ரீஸ்து அலமாரில வெச்சிருந்தாங்க.

இன்னாசி மீசையத் தடவுனாரு. "பேதுரு மீன் புடிச்சாரு. நீ இன்னா புடிச்ச? கம்ப்யூட்டரு எலியா?"

"பேதுருதான் ஏசுவ யாருன்னே தெரியாதுன்னு மூணு வாட்டி சொன்னாரு நைனா. அதுவும் உங்க குப்பத்து லிஸ்ட்லதான வரும்?"

அவ்ளோதான். ரெண்டு பக்கமும் எந்திரிச்சிச்சி. ஃபாதரு பாவம், "நாற்காலிய வட்டமா போட்டுடலாமே, மொதலும் கடைசியும் இருக்காதுல்ல"ன்னாரு. "நீங்க எங்கயாச்சும் ஆரம்பிக்கணும்ல ஃபாதர்? அது மொதலு"ன்னு குப்பம். "எங்கயாச்சும் முடிக்கணும்ல? அது கடைசி"ன்னு காலனி. வாழ்க்கையில மொத வாட்டி ரெண்டு பக்கமும் ஒத்துப் போச்சி, ஃபாதருக்கு எதிரா.

"மொத நாற்காலி எங்களுக்கு இல்லன்னா பெரிய வாரம் பூரா நாங்க எண்ணூரு கோயிலுக்குப் போயிடுவோம்"னாரு இன்னாசி. "அந்தக் கடைசி நாற்காலி இருந்தா நாங்க வூட்லயே ஜெபம் பண்ணிக்கிறோம்"னுச்சி செங்கொடி. ஃபாதரு லிஸ்ட மடிச்சி பாக்கெட்ல வெச்சாரு. "இப்டியே போச்சின்னா வியாயக்கெயம நான் யாரு காலயும் கழுவ மாட்டேன். பிலாத்து மாரி கையக் கழுவிட்டுப் போயிடுவேன்"னாரு. யாரும் சிரிக்கல. நான் மட்டும் சிரிச்சேன். மொறச்சாங்க.

அப்போதான் இன்னாசி இன்னொரு குண்டு போட்டாரு. "இன்னொரு விஷயம் ஃபாதர். இந்த வருஷம் எடது காலத்தான் கழுவணும்."

எங்க பங்குல வலது காலு மட்டும்தான் கழுவுவாங்க. ஆதிலர்ந்து அப்டித்தான். ஃபாதரு, "ஏன்?"னாரு. "எந்த வேதத்துல வலதுன்னு போட்டிருக்குது?"ன்னாரு இவரு. காலனி பசங்க ஒடனே உஷாராயிட்டானுங்க. "எடது காலா? இதுல இன்னாமோ சூழ்ச்சி கீது. வலதுதான்!" குப்பத்துல ஒருத்தனுக்கும் ஏன்னு தெரியாது, ஆனா தலைவரு சொல்லிட்டாரே, "எடதுதான்!" நான் பாத்துகினே இருக்கறேன், கத்தோலிக்கத் திருச்சபை அர மணி நேரத்துல எடது காலு சபை, வலது காலு சபைன்னு ரெண்டா போச்சி.

எனக்கு மட்டும் மண்டையில ஒரு பூச்சி ஊற ஆரம்பிச்சிது. இந்த மனுஷன் எதுக்கு எடது காலு கேக்கறாரு? வெளிய வர்றப்போ அவரு பின்னாலயே போனேன். கோயிலுக்கு செருப்புகூட போட்டுகினு வராத ஆளு, ஏப்ரல் வெயில்ல கறுப்பு ஷூவு, காலொற. வலது கால லேசா இயுத்துகினு நடக்கறாரு. கிட்டப் போனா கொயந்த பவுடரு வாசன. பவுடருக்கு அடியில இன்னொரு வாசன.

இந்த மாரி சமாச்சாரம் கெடச்சா எனக்கு வவுத்துல நிக்காது. நேரா அக்கா வூட்டுக்குப் போயி மஜாவா சொல்லிகினு இருந்தேன். அக்கா சிரிக்கல. கையில இருந்த பஞ்ச கீழ வெச்சிது.

"எந்தக் காலு?"

"வலது."

"பவுடருக்கு அடியில இன்னா வாசன?"

"செத்த எலி மாரி கா."

அக்கா ஸ்டூலுலயே குந்திச்சி. "சக்கரக் காலுடா அது. இன்னும் ரெண்டு நாளு போனா காலு போயிடும். நாலு நாளு போனா ஆளு போயிடுவாரு. வியாயக்கெயம வரைக்கும் மறைக்கிறாரு பாரு, பைத்தியக்கார மனுஷன்."

அன்னிக்கு மதியமே இன்னாசி சம்சாரம் பூவம்மாவ கருவாட்டுக் கடையாண்ட வரச் சொல்லி அக்கா பாத்துச்சி. நான் வண்டிய கொஞ்சம் தள்ளி நிறுத்தி கண்ணாடி தொடச்சிகினு இருந்தேன், காத வுட்டுட்டு. பூவம்மா அயுதுச்சி. மூணு வாரத்துக்கு முன்னாடி படகு பலகையில ஆணி குத்திச்சாம். காப்பித்தூளு வெச்சாராம், மஞ்சா வெச்சாராம், மேல பிளாஸ்திரி ஒட்டி பவுடர கொட்டுனாராம். ஆசுபத்திரிக்குப் போனா படுக்க வெச்சிடுவாங்க. அந்த நேரம் பாத்து நாற்காலி கைய வுட்டுப் போயிடும், தாத்தா காலத்து உரிம தன்னோட போச்சின்னு ஆயிடும். வலது கால நீட்னா ஊரே பாக்கும். அதனாலதான் எடது காலு.

"சாமியாரு தண்ணி பட்டா ஆறிடும்னு வேற சொல்றாரு ஜூடி."

"கண்ட தண்ணி பட்டா இன்னும் அயுகிப் போவும் கா. நான் வந்து பாக்கட்டா?"

"நீ வூட்டுக்கு வந்தா அவரு பின்பக்கமா எறங்கி கடலுக்குப் போயிடுவாரு."

அக்கா என்னத் திரும்பிப் பாத்துச்சி. எனக்குப் புரிஞ்சி போச்சி. பன்னெண்டாவது நாற்காலி ஆளு, காட்டிக் குடுக்கற வேல நமக்குதான.

திங்கக்கெயம காலையில இன்னாசிக்கு ஜொரம் வந்துட்ச்சி. திருவொத்தியூருல யாருக்கும் தெரியாத ஒரு டாக்டரு, கமுக்கமா பாத்துட்டு வந்துடலாம்னு பூவம்மா அவர என் வண்டில ஏத்திச்சி. வேற சவாரி ஏத்தல. நேரா போயிகினு இருந்த நானு மேக்கால திருப்பி, ரெண்டு சந்து தாண்டி ஜூடியக்கா வூட்டாண்ட வண்டிய ஆஃப் பண்ணேன்.

"இன்னாடா நிறுத்திட்ட?"

"கேஸு அடச்சிகிச்சி நைனா."

"இது யாரு தெரு?"

"கார்ப்பரேஷன் தெரு நைனா."

அக்கா ஸ்டூலத் தூக்கினு வெளிய வந்துச்சி. பின்னாடியே ஷம்ஷாத், சுடுதண்ணி கெட்டிலோட. இன்னாசிக்கு மீச துடிச்சிது. "வண்டிய எடுடா கஸ்மாலம்! பூவு, நீயும் இதுக்குக் கூட்டா?" பூவம்மா முந்தானைய வாயில வெச்சி அமுக்கிகிச்சி.

அக்கா வண்டி ஓரமா ஸ்டூலப் போட்டு குந்திச்சி. கத்தல, கெஞ்சல. "மாமா, என் வூட்டு வாசப்படி மெறிக்க மாட்டேன்னுதான சொன்னீங்க? மெறிக்காதீங்க. இது ஆட்டோ. கால மட்டும் நீட்டுங்க."

கல்யாணம் ஆன நாள்லர்ந்து அக்கா அவராண்ட நேரா பேசுன மொத பேச்சு அது. நான் முன் சீட்டுலயே குந்தினு சாமி படத்துக்கு பூவ சரி பண்ற மாரி பண்ணிகினு இருந்தேன். கண்ணாடில எல்லாம் தெரிஞ்சிது. அவரு பூவம்மாவ மொறச்சாரு. அப்பால மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிகினு, வலது கால கொஞ்சமா வெளிய நீட்னாரு.

ஷூவக் கழட்டி, காலொறையக் கத்திரியால வெட்டி எடுத்து, அந்த காப்பித்தூளு மஞ்சா எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணில ஊற வெச்சி எடுத்துச்சி. அந்த வாசனைக்கு ஷம்ஷாத் நாலடி பின்னாடி போயிட்ச்சி. அக்கா கால மடியில வெச்சிகினு குனிஞ்சி பாத்துச்சி.

"வலிக்கிதா மாமா?"

"இல்ல."

"அதான் பயமா கீது. வலிக்கணும்."

அப்போதான் அவரு மூஞ்சில பயம் வந்துச்சி. புயல்ல மாட்டி மூணு நாளு கடல்ல கெடந்து வந்த மனுஷன். கொரலு எறங்கிப் போச்சி. "வியாயக்கெயம வரைக்கும் தாங்குமா?"

"நாற்காலி வேணுமா, காலு வேணுமா?"

"ரெண்டும்."

"இப்போ ஆசுபத்திரிக்கு வந்தா ஒண்ணு கெடைக்கும். வரலன்னா ரெண்டும் போயிடும்."

அவரு அக்கா மடியில கெடந்த தன் காலப் பாத்தாரு. "நீ எதுக்கு இத்தப் பண்ற? நான் உனுக்கு இன்னா செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல." அக்கா துணிய சுத்திகினே சொல்லுச்சி. "ரெமிக்கு இதே காலு. ரெண்டாவது வெரலு பெருவெரலவுட நீட்டு. இத்த டாக்டருங்க வெட்ட நான் வுட மாட்டேன்."

அக்காவும் வண்டில ஏறி குந்திச்சி, நேரா ஆசுபத்திரிக்கு வுட்டேன். பள்ளத்துல வுடாம ஓட்னேன். அக்கா கடைசி வரைக்கும் அந்தக் கால மடியிலர்ந்து எறக்கல.

அக்காவத் தெரிஞ்ச டாக்டருங்க, ஒடனே பாத்தாங்க. அன்னிக்கே ஆப்பரேஷன் தேட்டரு. சுண்டு வெரலு போச்சி. மிச்சம் நாலும் நின்னுச்சி. "புதன்கெயம வந்திருந்தா முட்டிக்குக் கீழ எடுத்திருப்போம்"னு டாக்டரு சொன்னத நான் அன்னிக்கு ஏர்ன சவாரி அத்தினி பேர்கிட்டயும் சொன்னேன். யாரு கண்டுபுடிச்சது, யாரு மடியில வெச்சி கூட்டினு வந்தது, ஒண்ணு வுடல. சாயங்காலத்துக்குள்ள குப்பமும் காலனியும் வார்டு வாசல்ல வந்து நின்னுச்சிங்க, இவுங்க ஒரு பக்கம், அவுங்க ஒரு பக்கம். வாட்ச்மேனு ரெண்டு பக்கத்தயும் தொரத்துனான்.

செவ்வாக்கெயம நான் டீ பிளாஸ்க்கோட போனேன். ஜொரம் எறங்கி இன்னாசி தலகாணில சாஞ்சிகினு இருந்தாரு. அக்கா கட்டு சரியா கீதான்னு பாத்துகினு இருந்துச்சி.

"உனுக்கு இன்னா வேணும், கேளு"ன்னாரு.

"எனக்கு இன்னா மாமா? பொண்ணு கோயமுத்தூர்ல நர்சு, பென்ஷன் வருது." கட்டு முனைய உள்ள சொருவிச்சி. அப்பால சொல்லுச்சி. "எங்கப்பா அந்தக் கடைசி நாற்காலில ஒம்போது வருஷம் குந்துனாரு. மூட்ட தூக்கற காலு, யாரும் அத்தத் தொட்டதில்ல. வருஷத்துல ஒரு நாளு சாமியாரு தொட்டு கழுவி முத்தம் குடுக்கறாருன்னு, அதுக்கோசரம் குந்துனாரு. ஊரு யூதாசுன்னு கூப்ட்டுச்சி. அவரு செத்தப்போ போஸ்டர்ல பேரு போட்டோம். தெருவே படிச்சிட்டு, யாரு இவருன்னு கேட்டுச்சி மாமா."

நான் ஊத்துன டீய அக்கா வாங்கி அவரு கையில குடுத்துச்சி.

"உங்களுக்குத் தெரியுமா, எங்கப்பா பேரு?"

சொந்தத் தம்பியோட மாமனாரு, பேரு தெரியல. இன்னாசி செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினாரு. அக்காவும் போர்வைய இயுத்து வுட்டுட்டு கெளம்பிட்ச்சி.

பெரிய வியாயக்கெயம. ஃபாதரு நாற்காலிய வரிசையாவே போட்டுட்டாரு, வேற வயி இல்ல. "தலைவரு ஆசுபத்திரில கீறாரு, அவரு நாற்காலில யாரும் குந்தக் கூடாது, காலியா கெடக்கட்டும்"னு குப்பம். "அப்போ கடைசியும் காலியாத்தான் கெடக்கும்"னு காலனி. நானும் இந்த வருஷம் குந்தல. பத்து பேரு நடுவுல குந்தினு இருக்காங்க, ரெண்டு ஓரமும் பல்லு வியுந்த மாரி. வலது பக்கம் பாதி பெஞ்சு காலி, எண்ணூருக்குப் போயிட்டாங்க. எடது பக்கமும் பாதிதான். சுவிசேஷம் படிச்சி முடிச்சிட்டு ஃபாதரு வெள்ளத் துண்ட இடுப்புல கட்டிகினு, குடத்தையும் பேசனையும் பாத்துகினு நிக்கிறாரு. எங்க ஆரம்பிக்கிறதுன்னு அவருக்கே தெரியல.

பக்கத்து வாசல்லர்ந்து வீல் சேரு சத்தம் வந்துச்சி. ஜூடியக்கா தள்ளினு வருது. இன்னாசி வெள்ள வேட்டி, வெள்ள சட்ட, வலது காலு பெருசா கட்டு. வார்டு சிஸ்டரு ரெண்டு மணி நேரம்தான்னு அக்காவ நம்பி அனுப்பிச்சிருக்குது. குப்பத்து பெஞ்சு கைத்தட்டிச்சி. கோயில்ல தட்டக் கூடாதுன்னு மறந்துட்டாங்க. மொத நாற்காலியாண்ட வண்டி வந்துச்சி. அவரு கையக் காட்டுனாரு, இன்னும் போ. அக்கா நின்னுச்சி. இன்னும் போன்னாரு. பத்து பேரையும் தாண்டி, கடைசி நாற்காலியாண்ட போயி நிறுத்தச் சொன்னாரு.

"எந்திரிக்க வேணாம் மாமா, வண்டிலயே குந்துங்க."

"நாற்காலிலதான் குந்துவேன்." அக்கா தோள்ல கைய வெச்சி எந்திரிச்சி, ஒத்தக் கால்ல நின்னு, பன்னெண்டாவது நாற்காலில குந்துனாரு.

குப்பத்துலர்ந்து ஒருத்தரு, "நைனா, அது வாணாம்... அது..."ன்னு இயுத்தாரு. இன்னாசி காதுல வாங்கல. காலனி பக்கம் திரும்பி, "ஏய் செங்கொடி, மொத நாற்காலி காலியா கீது. போயி குந்து"ன்னாரு.

"நீங்க சொல்லி நான் குந்த மாட்டேன் நைனா."

"சொல்லல. கேக்கறேன்."

செங்கொடி செருப்பக் கழட்டி பெஞ்சுக்கு அடியில தள்ளிட்டு நடந்து போயி குந்திச்சி.

ஃபாதரு அங்கர்ந்து ஆரம்பிச்சாரு. ஒவ்வொரு காலா குனிஞ்சி குனிஞ்சி வந்தாரு. கடைசில இன்னாசியாண்ட வந்து முட்டி போட்டாரு. கை பயக்கத்துல வலது காலுக்குப் போச்சி. அக்கா டப்புன்னு புடிச்சிகிச்சி. "ஃபாதர், கட்டு நனைஞ்சிதுன்னா உங்கள வுட மாட்டேன்!" ரெண்டு பக்கத்து பெஞ்சும் ஒண்ணா சிரிச்சிது. பாவம் ஃபாதரும் சிரிச்சாரு.

இன்னாசி சிரிக்கல. குனிஞ்சி அக்காவாண்ட கேட்டாரு. ரகசியமாத்தான் கேட்டாரு, ஆனா படகு இஞ்சின் சத்தத்துக்கு மேல கத்தி கத்தி வளந்த தொண்ட அது. பக்கத்துல மைக்கு வேற.

"ஜூடி, உங்கப்பா பேரு இன்னா?"

அக்கா துண்டோட நிமிந்துச்சி. "அல்போன்சு, மாமா."

"இங்கதான குந்துவாரு?"

"ஆமா மாமா."

"ஃபாதர், அல்போன்சு குந்துன எடத்துல குந்தியிருக்கறேன். கழுவுங்க."

எடது பக்கத்து பெஞ்சுல வயசான பொம்பளைங்க ரெண்டு பேரு வாயப் பொத்திகினு அயுதாங்க. வலது பக்கத்துல ஒரு பெருசு பக்கத்து ஆள கேட்டுச்சி, "யாருப்பா அல்போன்சு?" அந்தாளு சொன்னான், "ஜூடியோட அப்பாருப்பா. ஹார்பர்ல வேல செஞ்சாரு." அவ்ளோதான். யூதாசுன்னு சொல்லல. ஆறு வருஷமா அந்தப் பேர சிரிச்சிகினே தூக்கினு திரிஞ்சவன் நானு. மாதாவே, இத்தக் கேக்கறதுக்கு என்னிய உசுரோட வெச்சியே, நன்றிம்மான்னு சொன்னேன்.

அக்கா அயுவல. ஃபாதரு தண்ணி ஊத்தி எடது கால கழுவி, முத்தம் குடுத்துட்டு எந்திரிச்சதும், அக்கா குனிஞ்சி அந்தக் கால தொடச்சிது. வெரலுக்கு நடுவுல எல்லாம். ஒரு சொட்டு ஈரம் வெக்கல.

நன்மை அப்பம் வாங்குனதும் டைம் ஆச்சின்னு கெளம்பிட்டோம். இன்னாசியும் பூவம்மாவும் பின்னாடி, அவரு காலு அக்கா மடியில. செங்கொடி ஓடி வந்து, "நானும் வரேன், வீல் சேரு எறக்க ஆளு வேணும்ல"ன்னு என் பக்கத்துல முன் சீட்டுல தொத்திகிச்சி. வண்டி கேட்டத் தாண்டல, ஆரம்பிச்சிது.

"நைனா, செப்டம்பர் திருநாளைக்கு தேரு காலனிக்குள்ள வரணும்."

"அங்க எப்டி வரும்? கரண்டு ஒயரு தொங்குது. மாதா கிரீடம் மாட்டிக்கும்."

"கொம்பு வெச்சி தூக்குவோம்."

"நீ தூக்குவ. டிரான்ஸ்பாரம் வெடிச்சா?"

"ஈபிக்கு எயுதிக் குடுத்து கட் பண்ணுவோம். உங்க குப்பத்துல மட்டும் ஒயரு வானத்துலயா போவுது?"

"எங்க தெரு அகலம்!"

"அளந்து பாத்தீங்களா?"

"நாளைக்கே அளக்கறேன்டி!"

"நாளைக்கு நீங்க கட்டில்லர்ந்து எறங்கக் கூடாது"ன்னுச்சி அக்கா. "ரெண்டு பேரும் வாய மூடுங்க, அவருக்கு பிரஷரு ஏறுது."

மூடல. தேரு எத்தினி அடி, சந்து எத்தினி அடி, முன்னாடி தோள் குடுக்கறது யாருன்னு வண்டியே அதிருது. பூவம்மா நடுவுல, "கொஞ்சம் சின்னத் தேரா செஞ்சா இன்னா?"ன்னு கேட்டு ரெண்டு பேருகிட்டயும் திட்டு வாங்கிச்சி. அக்கா அந்தக் கால ஆடாம புடிச்சிகினு வெளிய பாத்து சிரிச்சிகினு இருந்துச்சி.

சிஸ்டரு குடுத்த டைம்ல இன்னும் இருவது நிமிஷம் இருந்துச்சி. நேரா போனா அஞ்சு நிமிஷம். நான் கல்மண்டபத்த சுத்தி எடுத்தேன்.